சிலந்தி மேல் விழுந்த பழி

கேள்வி: எங்கள் வீட்டுச் சுவரில் உள்ளங்கை அகலச் சிலந்தி ஒன்று, வயிற்றடியில் வட்டமாக, வெள்ளையாக எதையோ சுமந்தபடி நிற்கிறது. இது மேலே மூத்திரம் பெய்தால் கொப்புளம் வரும் என்கிறார்களே, அந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது?

பதில்: நீங்கள் பார்த்தது ஹெடரோபோடா வெனடோரியா என்ற வேட்டைச் சிலந்தியின் பெண். தட்டையான பழுப்பு உடல், நண்டுக்கு இருப்பதுபோல் பக்கவாட்டில் விரியும் கால்கள், கண்களுக்குக் கீழே வெளிறிய பட்டை ஆகியவை இருந்தால் சந்தேகமே வேண்டாம். அது சுமப்பது முட்டைப்பை. பூச்சி பிடிக்க இது வலை பின்னுவதில்லை. இரவில் சுவரோரம் காத்திருந்து கரப்பான்பூச்சியைப் பாய்ந்து பிடிக்கும். 1767-இல் லின்னேயஸ் இதற்கு அறிவியல் பெயரிட்டார். ஆசியாவே தாயகம் என்று கருதப்படும் இது கப்பல் சரக்கோடு பயணம் செய்து, இன்று வெப்பநாடுகளெங்கும் வீடுகளில் வாழ்கிறது.

கொப்புளத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. சிலந்தியின் கழிவில் பெரும்பகுதி குவானின் என்ற வெள்ளைப் பொருள். சுவரில் புள்ளியாகக் காய்ந்து கிடக்கும் அது தோலைப் புண்ணாக்காது. புண்ணாக்குவது பீடெரஸ் என்ற வண்டு. ஒரு சென்டிமீட்டர்கூட நீளமில்லாத, ஆரஞ்சும் கறுப்பும் கலந்த உடல். பார்த்தால் எறும்பென்றே நினைப்போம். வயலிலும் ஈரநிலத்திலும் வாழும் இது, மழைக்காலத்தில் டியூப்லைட் வெளிச்சத்துக்கு வீட்டுக்குள் வரும். கடிக்காது, கொட்டாது. கழுத்தில் ஊரும்போது தூக்கக் கலக்கத்தில் நசுக்கித் தேய்த்தால், அதன் உடலிலுள்ள பெடரின் என்ற நஞ்சு தோலில் படும். தேய்த்த திசையிலேயே சிவந்த கோடு எழும்பும். “வண்டைக் கண்ணால் பார்க்கவில்லையே, சிலந்திதானே சுவரில் இருந்தது?” என்பார்கள். பழி பிறந்த இடமே அதுதான். புண் வெளிப்பட ஒன்றிரண்டு நாளாகும். அதற்குள் செத்த வண்டு குப்பையோடு போயிருக்கும், சிலந்தி மட்டும் கண்ணில் படும். ஆனால் சிலந்தி வருடம் முழுக்க வீட்டில் இருக்க, இந்தப் புண் மட்டும் மழையை ஒட்டிக் கூட்டமாக வருவானேன்? மழையில்லாத நாளிலும் கொப்புளம் வருகிறதே என்றால், உடம்பின் ஒரே பக்கத்தில் பட்டையாகப் படர்வது பெரும்பாலும் அக்கி. அது சின்னம்மை வைரஸ் நரம்பில் மறுபடி விழிப்பதால் வருவது; மூன்று நாளுக்குள் மருந்தைத் தொடங்குவதே நல்லது என்பதால், சிலந்தி மேல் பழிபோட்டுக் காலம் கடத்துவது ஆபத்து. சிலந்தி கடிக்கவே கடிக்காதா என்றால், கையில் பிடித்து அழுத்தினால் கடிக்கும். வலிக்கும், வீங்கும், உயிருக்கு ஆபத்தில்லை. வண்டு மேலே ஊர்ந்தால் நசுக்காமல் ஊதித் தள்ளுங்கள். நசுங்கிவிட்டால் அந்த இடத்தை உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.