தோட்டாவும் நாம் படிக்கும் அழுத்தமும்
(இரண்டாம் ஆண்டு மெக்கானிக்கல் மாணவன், கூடலூர்)



நம்ம கூடலூரிலிருந்து லோயர் கேம்ப் போகும்போது, மலையிலிருந்து மின் நிலையத்துக்கு இறங்கும் ராட்சதக் குழாய்களைப் பார்க்காதவர் இருக்க முடியாது. 300 மீட்டர் உயரத் தண்ணீர் என்று கணக்குப் போட்டாலே, அடியில் சதுர அங்குலத்துக்குச் சுமார் 430 பவுண்டு அழுத்தம். ஆனால் அமெரிக்க ராணுவம் 2022-இல் தேர்ந்தெடுத்த 6.8 மி.மீ. துப்பாக்கியின் தோட்டா வகைக்கு 80,000 பவுண்டு வரை அனுமதி! பழைய .303 தோட்டாவுக்கு 49,000; .308-க்கு 62,000.

இதை எங்கள் தெருத் தாத்தா ஒருவரிடம் சொன்னேன். காட்டுப்பன்றியை விரட்ட, லைசென்ஸ் உள்ள நாட்டுத் துப்பாக்கிக்குப் பல வருடம் கையால் மருந்து கெட்டித்தவர். ஒருநாள் கண் மதிப்பில் கூடுதலாகப் போட்டதில் இடது கையில் இரண்டு விரல் போயிற்று. அவர் சொன்னார்: "ஏப்பா, மருந்தைக் கூட்டுனா வேகம் கொஞ்சந்தான் கூடும். எங்க வலுக் குறைச்சலோ அங்கதான் வெடிக்கும்."

தாத்தா பள்ளிக்கூடம் போகாதவர். அவர் சொன்னது சரியா என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

வேகம்: அழுத்தம் 60,000-லிருந்து 80,000 ஆனால் மூன்றில் ஒரு பங்கு அதிகம். மற்றதெல்லாம் அப்படியே இருந்தால் குண்டின் ஆற்றலும் அதே அளவுதான் கூடும். ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே வேகம் கூடுவது சுமார் 15 சதவீதமே. குழலின் உட்புறமோ சூடான வாயுவில் சீக்கிரம் தேயும்.

வலுக் குறைந்த இடம்: தோட்டாக் கூடு 70 பங்கு செம்பு, 30 பங்கு துத்தநாகம் கலந்த பித்தளை. சுடும்போது அது விரிந்து, குழலின் எஃகுச் சுவரில் ஒட்டிக்கொள்கிறது. பாரத்தை எஃகு தாங்குகிறது. வாயு பின்னால் கசியாமல் பித்தளை அடைக்கிறது. ஆனால் கூட்டின் பின்பகுதியில் கொஞ்சம் இடத்துக்கு எஃகுச் சுவரின் துணை கிடையாது. அதிக அழுத்தத்தில் முதலில் இளகுவது அங்கேதான். அதனால்தான் அந்த 6.8 வகையில் பின்பகுதியைத் துருப்பிடிக்காத எஃகிலும் உடலைப் பித்தளையிலும் செய்து இணைத்தார்கள்.

வெளிநாடுகளில் சுட்ட கூட்டையே திரும்ப நிரப்பும் அனுபவசாலிகள் உண்டு. அவர்களும் கூட்டின் பின்புறத்தைத்தான் முதலில் பார்ப்பார்கள். பிரைமர் தட்டையாகிவிட்டதா, அதன் குழி தளர்ந்ததா, போல்ட் திறக்கக் கஷ்டமா? இதில் ஒன்று தெரிந்தாலும் மருந்தைக் குறைப்பார்கள். அடையாளம் தெரியாததாலேயே பத்திரம் என்று சொல்லவும் மாட்டார்கள்.

நம் நாட்டில் 1959-ஆம் வருட ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். நம் தமிழ்நாட்டிலேயே அருவங்காட்டில் உந்துமருந்துத் தொழிற்சாலையும், திருச்சியில் துப்பாக்கித் தொழிற்சாலையும் இருக்கின்றன. இத்தகைய வேலையில் கண் மதிப்புக்கு இடமில்லை. எடை போட்டு, சோதனைக் குழலில் சுட்டு, அழுத்தம் அளந்த பிறகே அடுத்த வேலை.

தோழர்களே, ஃபேக்டர் ஆஃப் சேஃப்டி என்பதைப் பரீட்சைக்கு மட்டும் மனப்பாடம் செய்தவன் நான். தாத்தாவின் கையைப் பார்த்த பிறகு அப்படிப் படிக்க முடியவில்லை. நாளை பாய்லரோ, கம்ப்ரஸரோ, எது நம் பொறுப்பில் வந்தாலும், "இன்னும் கொஞ்சம் தாங்கும்" என்று யாராவது சொன்னால், எங்கே வலுக் குறைச்சல் என்று முதலில் கேட்போம்.