சும்மா கிடக்கிற டார்ச்சுக்கு எந்த பேட்டரி?

டார்ச் லைட் வாங்கப் போனா எல்லாரும் வெளிச்சத்தைத்தான் பார்க்கிறோம். கடைக்காரரும் சுவத்துல அடிச்சுக் காட்டிடுவார். நான் கேட்கிறது வேற: அந்த டார்ச் உன் வீட்டுல தினமும் எரியுமா, இல்ல அலமாரியில மாசக்கணக்கா கிடக்குமா? எந்த பேட்டரின்னு முடிவு பண்ண அது தெரிஞ்சா போதும்.

கிடக்கிற டார்ச்னா ஆல்கலைன் வாங்கு. மளிகைக் கடையில சல்லிசா கிடைக்கிற சாதா பென்சில் செல் ஜிங்க் கார்பன் வகை. அதோட உறையே துத்தநாகம். கரண்ட் குடுக்கக் குடுக்க அந்த உறைதான் கரையும். ஓட்டை விழுந்தா உள்ளே இருக்கிறது கசிஞ்சு டார்ச்சை அரிச்சிடும். சுவர்க் கடிகாரத்துக்கு அது போதும், பளிச்சுனு எரியற எல்இடிக்குத் தாங்காது. ஆல்கலைன் விலை கூடத்தான். ஆனா பிரிக்காம வச்சா அஞ்சு வருஷத்துக்கு மேலயும் உழைக்கும். அட்டையில இருக்கிற தேதியைப் பார்த்து வாங்கு.

ஆனா ஆல்கலைனும் கசியும். அதனால செல்லை டார்ச்சுக்குள்ள போட்டு வைக்காதே. அட்டை பிரிக்காம டார்ச்சோட சேர்த்து ரப்பர் பேண்ட் போட்டு வை. இருட்டுல மாட்டணும்னா ஒண்ணு ஞாபகம் வச்சுக்கோ, ஸ்பிரிங் பக்கம் மைனஸ். ஏற்கெனவே கசிஞ்சு ஸ்பிரிங்ல வெள்ளையா பூத்திருந்தா வெறும் கையால சுரண்டாதே, அது காரம், தோலை அரிக்கும். கிளவுஸ் போட்டுட்டு, பட்ஸ்ல ரெண்டு சொட்டு எலுமிச்சைச் சாறு தொட்டுத் தேய். நுரைச்சு அடங்கினதும் ஈரத்துணியால துடைச்சு நல்லா காய விடு.

டிராயர்ல புதுசும் பழசும் கலந்து கிடக்குதா? ஆல்கலைன் செல்லை ரெண்டு விரல் உயரத்துல இருந்து நிமிர்த்தி தரையில விடு. புதுசு தொப்புனு உட்காரும், பழசு துள்ளும். பாதி தீர்ந்தாலே துள்ளும், அதனால துள்ளினதை உடனே தூக்கிப் போடாதே, கடிகாரத்துக்குக் குடு. டார்ச்சுக்குப் பழசும் புதுசும் ஜோடி சேர்க்கவே கூடாது. நோஞ்சான் செல்தான் முதல்ல கசியும்.

மாப்பிள்ளை நைட் ஷிஃப்ட் போக வர எடுத்துட்டுப் போற டார்ச் இருக்கே, அதுக்கு ஆல்கலைன் வாங்கிக் கட்டுப்படியாகாது. நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு ரீசார்ஜ் செல் வாங்கு. 1.5 வோல்ட்டுக்குப் பதிலா 1.2தானே இருக்குன்னு பயப்படாதே. நல்ல டார்ச்சுல இருக்கிற சர்க்யூட் அதைச் சமாளிச்சுக்கும். முன்னெல்லாம் இந்த செல்லு சும்மா இருந்தாலே ஒரு மாசத்துல நல்லாவே சார்ஜ் இறங்கிடும். 2005ல சான்யோ எனலூப்னு ஒண்ணு கொண்டு வந்த பிறகு அந்தக் குறை பெரும்பாலும் தீர்ந்தது. இப்ப பல கம்பெனியும் பண்றாங்க, ‘ரெடி டு யூஸ்’னு போட்டிருக்கும்.

இன்னும் வெளிச்சம் வேணும்னா லித்தியம் அயான், 18650. பேருலயே சைஸ் இருக்கு: 18 மில்லிமீட்டர் குறுக்கு, 65 நீளம். இதுல கடைக்காரங்க ஏமாத்துவாங்க டீ. 9900 எம்ஏஎச்னு பெருசா அச்சடிச்சிருந்தா தொடாதே, நல்ல கம்பெனி செல்லே 3500 பக்கம்தான் நிக்கும். சாவிக்கொத்தோட பையில போடக்கூடாது, உரசி ஷார்ட் ஆனா தீப்பிடிக்கும். 14500னு பென்சில் செல் சைஸ்லயே ஒண்ணு வருது, அது 3.7 வோல்ட். சாதா டார்ச்சுல போட்டா பல்பு போயிடும்.

பிளக்குல சொருகற பழைய மாடல் சார்ஜர் டார்ச் பலதுலயும் உள்ளே ஈய பேட்டரிதான், கனத்தை வச்சே தெரியும். சார்ஜ் இறங்கினபடியே போட்டு வச்சா செத்துடும். மாசம் ஒரு தடவை சார்ஜ் போடறதுன்னா வாங்கு, இல்லன்னா வேண்டாம். 2018 நவம்பர்ல கஜா புயல் அடிச்சு டெல்டா கிராமங்கள்ல வாரக்கணக்கா கரண்ட் இல்லாதப்போ எங்கே கொண்டுபோய்ச் சொருகறது? அதனால எத்தனை ரீசார்ஜ் டார்ச் வச்சிருந்தாலும் ஐப்பசி பொறக்கறதுக்குள்ள ஆல்கலைன் ஒரு அட்டை வாங்கி வை.

கீ செயின் டார்ச்சை மட்டும் குட்டிப்பையன் கையில குடுக்காதே. உள்ளே இருக்கிற பட்டன் செல்லை முழுங்கினா ரெண்டு மணி நேரத்துலயே உணவுக்குழாயைப் புண்ணாக்கிடும். முழுங்கியிருப்பானோன்னு சந்தேகம் வந்தாலே போதும், வாந்தி எடுக்க வைக்காம நேரா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடு.