சிறு மோட்டார் வண்டிக்குப் பெருஞ்சக்கரம்

ஹாட்ச்பேக் எனப்படும் சிறு மோட்டார் வண்டியே நம் நாட்டில் நடுத்தரக் குடும்பங்கள் பலவற்றின் முதல் வண்டி. அதனை வாங்கிய சின்னாட்களுள் வீட்டு இளைஞர் கேட்கும் முதற் கேள்வி, “இதற்குப் பெரிய அலாய் சக்கரம் போடலாமா?” என்பதே. சங்கரன்கோவிலில் இஃது அழகு பற்றிய கேள்வி மட்டும் அன்று. ஈண்டு ஒரே வண்டி விசைத்தறித் துணிக் கட்டுக்களைச் சுமக்கும். விடியுமுன் பூச்சந்தைக்கு மல்லிகை மூட்டை கொண்டு செல்லும். நள்ளிரவில் நோயாளியை ஏற்றிக்கொண்டு பனவடலிச்சத்திரம், தேவர்குளம் வழியாகத் திருநெல்வேலி மருத்துவமனைக்கு ஐம்பது கிலோமீட்டருக்கு மேலும் ஓடும். அந்த இரவில், அவ்வழியில், சக்கரம் பிளந்து வண்டி நின்றால் நேர்வது யாது என்பதை மனத்திற்கொண்டே இப்பொருளை யாம் ஆராயப் புகுந்தோம்.

பழைய மாட்டு வண்டிச் சக்கரத்துக்குக் குடம், ஆரக்கால், வட்டை, அவற்றைச் சூழ்ந்த இரும்புப் பட்டை என்பன உறுப்புக்கள். சக்கரம் பெரிதாயின் பள்ளத்தை எளிதிற் கடக்கும் என்பது வண்டித் தச்சர் அறிந்த உண்மை. இன்று பெருஞ்சக்கரம் வேண்டுவோர் உள்ளத்திலும் அவ்வெண்ணமே நிலவுகின்றது போலும். ஆயின் மோட்டார் வண்டியின் நிலை வேறு. காற்றடைத்த டயருக்கு டன்லப் என்பார் 1888இல் உரிமை பெற்றார். அவ்வகை டயரில் சுமையைப் பெரும்பாலும் தாங்குவது ரப்பர் அன்று, உள்ளே அடைபட்ட காற்றே. கடைக்காரர் பெரிய சக்கரம் என்று கூறுவது ரிம்மை மட்டுமே. டயரின் வெளிவட்டம் மாறாதிருக்க ரிம் பெருகுமாயின், காற்றுக்குரிய உயரம் அத்துணையும் குறைகின்றது. பெருக்குவதாக எண்ணி நாம் குறைத்துக்கொள்வது காற்றையே என்க.

இதனைக் கணக்கிட்டுக் காண்போம். 2018இல் வெளிவந்த மாருதி ஸ்விப்ட் வண்டியின் கீழ்நிலை வகைகளுக்கு 165/80 ஆர்14 என்னும் டயரும், மேல்நிலை வகைக்கு 185/65 ஆர்15 என்பதும் அமைந்தன. முதலெண் டயரின் அகலம், மில்லிமீட்டரில். இரண்டாம் எண் அவ்வகலத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கு பக்கச் சுவரின் உயரம் என்பதைக் காட்டும். இறுதி எண் ரிம்மின் விட்டம், அங்குலத்தில். எனவே முதல் டயரின் பக்கச் சுவர் 132 மில்லிமீட்டர். அதனை இரட்டித்து, ரிம்மின் 355.6 மில்லிமீட்டரைக் கூட்ட, முழு விட்டம் ஏறத்தாழ 620 ஆகும். மற்றதன் விட்டம் 621.5. ரிம் ஓர் அங்குலம் பெருத்தும் வெளிவட்டம் இரண்டு மில்லிமீட்டரும் மாறவில்லை. வண்டி செய்தோர் எத்துணைக் கருத்தாய் அளந்திருக்கின்றனர் என்பது இதனாற் புலப்படும்.

வெளிவட்டத்தை ஏன் காத்தல் வேண்டும்? வேகங்காட்டி சக்கரத்தின் சுற்றுக்களைக் கொண்டே கணக்கிடுகின்றது. நண்பர் சொற்கேட்டு ஒருவர் 205/60 ஆர்16 பூட்டுவாராயின் விட்டம் 652 ஆகும். நூற்றுக்கு ஐந்துக்கு மேல் மிகுதி. முன்னர்ச் சரியாக 80 காட்டிய வேகங்காட்டி, இப்பொழுது வண்டி 84இல் ஓடும்போதும் 80 என்றே காட்டும். எஞ்சினின் இழுவிசையும் அவ்வளவுக்குக் குறையும். ஸ்டியரிங்கை முழுதும் திருப்புகையிலும், பின்னிருக்கையில் மூவர் அமர்ந்து பள்ளத்தில் இறங்குகையிலும் டயர் உட்தகட்டில் உரசவுங் கூடும்.

அங்ஙனமாயின் வெளிவட்டத்தைக் காத்து ரிம்மை மட்டும் பெருக்கலாமே என்பாருளர். 195/55 ஆர்16, 205/45 ஆர்17 ஆகிய இரண்டும் கணக்கிற்குப் பொருந்துவனவே. ஆனால் பக்கச் சுவர் முன்னதில் 107 மில்லிமீட்டர், பின்னதில் 92. பதினான்கு அங்குல டயரின் 132ஓடு ஒப்பிடின் பதினேழில் நாற்பது, அதாவது ஏறத்தாழ இரண்டு விரற்கடை, போயிற்று. சென்னையின் அகன்ற சாலையில் அது பெரிதன்று. வளைவில் வண்டி உறுதியாய்த் திரும்பும் நன்மையும் உண்டு. நம் பக்கத்துக் கரிசல் மண்ணோ மழையில் உப்பி, வெயிலிற் பிளந்து, மேலிட்ட தாரையும் உடன் பிளப்பது. அத்தகைய சாலைப் பள்ளத்தின் விளிம்பில் டயர் மோதுங்கால், நசுங்கி இடங்கொடுக்க உயரம் இல்லையெனில் அடி நேரே ரிம்மிற் பாயும். இரும்பு ரிம் பெரும்பாலும் வளையும். வளைந்ததைத் தட்டி நிமிர்த்தி ஊர் போய்ச் சேர்வதுண்டு. வார்ப்பு அலாய் விரிசல் கொள்ளும்.

அலாய் எடை குறைந்தது என்னும் நம்பிக்கையும் முழுதும் மெய்யன்று. மலிவான பதினேழு அங்குல வார்ப்புச் சக்கரம் பதினான்கு அங்குல இரும்புச் சக்கரத்தினும் கனமாயிருத்தல் கூடும். வாங்குமுன் தராசில் வைத்துப் பார்த்தல் நன்று. கடைக்காரர் நகைப்பின் நகைக்கட்டும்.

அகலம் பற்றியும் ஒரு மயக்கம் உண்டு. வண்டியும் ஆட்களுமாக 1,200 கிலோ எனக் கொள்வோம். ஒரு சக்கரத்துக்கு 300 கிலோ. சதுர அங்குலத்துக்கு 30 பவுண்டு காற்றழுத்தம் என்பது சதுர சென்டிமீட்டருக்கு 2.1 கிலோ. ஆகவே டயர் தரையைத் தொடும் இடம் ஏறத்தாழ 143 சதுர சென்டிமீட்டர், ஓர் உள்ளங்கையளவே. அகன்ற டயர் பூட்டினும் அழுத்தம் அதுவேயாயின் இப்பரப்புப் பெரிதும் மாறாது; வடிவம் மட்டும் குறுகி அகலும். அகன்றது தேங்கிய நீரின்மேல் எளிதில் மிதக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஓட்டுவோர் இதனை மறவாதிருப்பாராக.

டயரின் பக்கத்தில் அளவுக்குப்பின் நிற்கும் சுமை எண்ணை நோக்குவார் சிலரே. 85 என்பது ஒரு டயர் 515 கிலோ தாங்கும் என்பதற்குக் குறி. 88 என்பது 560. 84 என்பது 500. பதினேழு அங்குலத்தில் 84 எண்ணுள்ள டயரும் விற்கின்றது. விலை மிகுதியாய்க் கொடுத்துத் தாங்குந்திறன் குறைந்ததை வாங்குவது என்ன வாணிகமோ!

இனிச் சட்டம். உற்பத்தியாளர் முதலிற் குறித்த விவரங்களுக்கு மாறுபடும்படி வண்டியை மாற்றலாகாது என்பது 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. 2019 ஜனவரியில் உச்சநீதிமன்றமும் அதனை வலியுறுத்தியது. காப்பீட்டு நிறுவனத்துக்கு அறிவியாது பூட்டிய சக்கரத்துக்கு இழப்பீடு கிடைப்பதும் அரிது.

ஆகவே கீழ்நிலை ஸ்விப்ட் உடையார்க்கு எம் கருத்து: அவ்வண்டியின் மேல்நிலை வகைக்கே அமைந்த 185/65 ஆர்15 வரை செல்க, அதற்குமேல் வேண்டா. ரிம் வாங்குங்கால் நான்கு போல்ட் துளைகளும் 100 மில்லிமீட்டர் விட்ட வட்டத்தில் அமைந்தனவா, நடுத்துளை 54.1 மில்லிமீட்டரா எனக் காண்க. நடுத்துளை பெரிதாயின் அதனை நிரப்பும் வளையம் இட்டாலன்றி வண்டி வேகத்தில் நடுங்கும். பழைய இரும்பு ரிம்முக்குரிய நட்டு அலாய்க்குப் பொருந்தாமற் போகலாம். அலாய்க்குரியதையே கேட்டுப் பெறுக. பூட்டி ஐம்பது முதல் நூறு கிலோமீட்டர் ஓடியபின் மீண்டும் முறுக்கிப் பார்த்தல் இன்றியமையாதது. பழைய இரும்பு ரிம்முக்குரிய நட்டுக்களை எறிந்துவிடாது ஒரு பையிலிட்டு, டிக்கியில் உள்ள பதினான்கு அங்குல மாற்றுச் சக்கரத்தின் அருகே வைத்திருக்க. இரவில் அச்சக்கரத்தைப் பூட்ட நேருங்கால் அவையே வேண்டப்படும்.