ஹலீமுக்குப் பங்காளி

ஆர்மீனியர்களின் ‘ஹரிஸா’ அப்படியே நம்ம ஹைதராபாத் ஹலீம் மாதிரி இருக்கிறதே! அவர்கள்தான் இங்கே கொண்டுவந்தார்களா? — ஒரு வாசகி, மெஹ்திபட்டினம்

பங்காளி உறவுதான், தகப்பன் பிள்ளை உறவில்லை. கோல்கொண்டா காலத்திலேயே ஆர்மீனியர்கள் இங்கே இருந்தார்களே என்பீர்கள். உப்புகுடாவில் அவர்களுடைய 17ஆம் நூற்றாண்டுக் கல்லறைகளே இருக்கின்றன. ஆனால் கல்லறை, ஆள் இருந்ததற்குத்தான் சாட்சி, அடுப்புக்கு அல்ல. அடுப்பின் சாட்சி இதே நகரின் பார்க்காஸ் பகுதியில். நிஜாம் படைக்கு வந்த ஏமன் அரபுகளின் வாரிசுகள் அங்கே இன்றும் காரமில்லாத ‘ஹரீஸ்’ கிண்டுகிறார்கள். ஹலீமின் மூதாதை இந்த ஹரீஸ்தான்; 10ஆம் நூற்றாண்டு பாக்தாத் சமையல் நூலிலேயே இது உண்டு. ஆர்மீனிய ருசி வேண்டுமா? பருப்பு, மிளகாய், கரம் மசாலாவை மறந்துவிடுங்கள். உமி நீக்கிய கோதுமையை இரவே ஊறவைத்து, கோழியும் உப்பும் சேர்த்துச் சிறுதீயில் குழையவிட்டு, எலும்பை எடுத்துவிட்டு, கறி நூல்நூலாகப் பிரியும்வரை மத்தால் மசியுங்கள். மேலே உருக்கிய வெண்ணெய். ஊறுகாய் ஜாடியைத் தேடும் கையை மட்டும் கொஞ்சம் அடக்கிவையுங்கள்.