மாறும் காலத்தில் ஒளிப்படத் தொழிலை நிலைநிறுத்த ஐந்து வழிகள்

கைபேசிக் கேமராவும், எழுத்து விவரிப்பைப் படமாக்கித் தரும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகளும் பெருகிவிட்ட இக்காலத்தில், ஒளிப்படக் கலைஞர்கள் பின்வருவனவற்றைக் கடைப்பிடிப்பது நலம்.

1. நகை, கட்டடம், மங்கிய ஒளியில் நடைபெறும் முகூர்த்தம் எனக் கைபேசிக்கு எளிதில் வசப்படாத ஒரு துறையில் தனித்தேர்ச்சி பெறவும்; எல்லாராலும் எடுக்கக்கூடிய படத்துக்கு எவரும் கூலி தர முன்வருவதில்லை.

2. முன்பணம் பெறும்போதே படங்களின் எண்ணிக்கை, ஒப்படைக்கும் நாள், பதிப்புரிமை ஆகியவற்றை எழுதிக் கையொப்பம் வாங்கவும். 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி, கூலிக்கு எடுக்கப்படும் படத்துக்கு, வேறு உடன்பாடு இல்லாதவிடத்து, எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர் ஆவார்.

3. ‘ரா’ கோப்பாக, அதாவது கேமரா தானாகத் திருத்தாத மூலத் தரவாக, படமெடுத்துப் பாதுகாக்கவும். மஞ்சள் விளக்கொளியில் மாறித் தோன்றும் அரக்குப் பட்டின் நிறத்தைப் பின்னர்ச் சீர்செய்ய உதவுவதோடு, படம் உண்மையாகவே எடுக்கப்பட்டது என்பதற்கும் அது சான்றாக நிற்கும்.

4. ஒவ்வொரு நிகழ்வின் படங்களையும் மூன்று படிகளாக, இருவகைச் சாதனங்களில் வைத்து, அவற்றுள் ஒன்றை வேறிடத்தில் காக்கவும்; ஹார்ட் டிஸ்க் பழுதானால் தாலிகட்டும் கணத்தை மீண்டும் எடுக்க இயலாது.

5. வாரத்தில் அரைநாளையேனும், சொந்த ஊரின் ஏரி, சந்தை, கைத்தறி போன்ற தாமே விரும்பும் பொருளைத் தொடர்ந்து படமெடுக்க ஒதுக்கவும்; பிறர் கேட்டதை மட்டுமே எடுப்பவரின் பார்வை மங்கிவிடும், தமக்கென எடுப்பவருக்கோ தொழிலில் நிறைவும் தனி அடையாளமும் ஒருங்கே வாய்க்கும்.