உறங்காத சுண்டெலி

(இளங்கலை விலங்கியல், மூன்றாம் ஆண்டு)

முன்னுரை

ஆட்டிசம் உள்ள குழந்தைகள் பலருக்கு இரவில் உறக்கம் எளிதில் வருவதில்லை. அவர்களோடு பெற்றோரும் விழித்திருக்கின்றனர். இதன் காரணத்தை அறிய அறிவியலார் சிற்றுயிர்களை நாடுகின்றனர். மனிதரிடம் ஆட்டிசத்தோடு தொடர்புடைய மரபணு ஒன்றைச் சுண்டெலியில் மாற்றி, அதன் உறக்கத்தை அளக்கின்றனர். எலிக்கு ஆட்டிசம் வந்துவிட்டது என்பது இதன் பொருளன்று. அம்மரபணுவின் பணியை அறிவதே நோக்கம்.

அளக்கும் கருவிகள்

அசையாதிருக்கும் எலியெல்லாம் உறங்கும் எலி அன்று. அப்படியானால் உறக்கத்தை எவ்வாறு அறிவது?

1. மூளை மின்னலைப் பதிவு: 1924இல் ஹான்ஸ் பெர்கர் மனிதரிடம் முதன்முதலில் எடுத்த பதிவே இதற்கு வழிகாட்டி. எலியின் மண்டையோட்டிலும் கழுத்துத் தசையிலும் மின்வாய்களைப் பொருத்துகின்றனர். ஆழ்ந்த உறக்கத்தில் நொடிக்கு நான்குக்கும் குறைவான பெரிய அலைகள் எழும். கனவு உறக்கத்தில் மூளை விழித்தது போலிருக்கும். தசையோ முற்றிலும் தளர்ந்திருக்கும். பதிவைச் சில நொடித் துண்டுகளாகப் பிரித்து நிலைகளைக் குறிப்பர். அறுவை செய்ய வேண்டியிருப்பது இதன் குறை.

2. அகச்சிவப்புக் கதிர்: கண்ணாடிக் குழாயில் விட்ட பழ ஈ, குறுக்கே செல்லும் கதிரை ஐந்து நிமிடம் கடக்காவிடில் உறங்குவதாகக் கொள்வர். ஒரே வேளையில் பல ஈக்களை ஆராயலாம். ஆனால் குழாயின் ஓர் ஓரத்திலேயே உலவும் ஈயும் உறங்குவதாகவே கணக்கில் சேரும்!

3. அழுத்தம் உணரும் தரை: உறங்கும் எலி சீராக, நொடிக்கு ஏறத்தாழ மூன்று முறை மூச்சு விடும். அவ்வசைவைத் தரையே பதிந்துகொள்ளும். அறுவை தேவையில்லை, ஆயினும் உறக்கத்தின் ஆழத்தை மூளை அலை போல இது காட்டாது.

கண்ட உண்மை

ஷாங்க்3 என்னும் மரபணு மாறிய எலிகளை அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தார் ஆராய்ந்து 2019இல் முடிவை வெளியிட்டனர். அவை இயல்பான எலிகளைவிடக் குறைவாக உறங்கின. ஐந்து மணி நேரம் உறங்கவிடாமல் வைத்தபின் இயல்பான எலிகள் விரைவில் கண்ணயர்ந்தன. இவையோ காலந்தாழ்த்தியே உறங்கின. உறக்கத் தேவை இவற்றிலும் பெருகியிருந்ததை மூளை அலைகள் காட்டின. அதாவது, உறக்கம் வேண்டியிருந்தும் உறங்க இயலவில்லை.

முடிவுரை

அசைவை மட்டும் அளந்திருந்தால் 'இந்த எலிக்கு உறக்கம் குறைவு' என்று மட்டுமே எழுதியிருப்போம். தேவையின்மை வேறு, இயலாமை வேறு. அவ்வேறுபாட்டைக் காட்டியது கருவியே. இரவில் உறங்காத குழந்தையைப் 'பிடிவாதம்' என்று கடிந்துகொள்ளுமுன் நாமும் இதை எண்ணிப் பார்ப்போமாக!