எந்த எரிபொருள் ஏற்றது?

2012ஆம் ஆண்டு ஜூலை 30, 31 ஆகிய நாள்களில் வட இந்தியாவில் பெரும் மின்தடை ஏற்பட்டது. இரண்டாம் நாள் அது கிழக்கு, வடகிழக்கு மாநிலங்களுக்கும் பரவியது. தொடர்வண்டிகள் நின்றன, தில்லி மெட்ரோவும் நின்றது. பல மருத்துவமனைகள் மின்னாக்கியின் துணையால் இயங்கின.

மின்னாக்கியை மக்கள் ஜெனரேட்டர் என்பர். எரிபொருளை எரித்து மின்சாரம் தரும் எந்திரம் இது. வீட்டிற்கு இதனை வாங்குவோர் முதலில் விலையைக் கேட்பர். எரிபொருளையே முதலில் எண்ண வேண்டும். விளக்கும் மின்விசிறியும் சிறிது நேரம் இயங்கினால் போதும் எனில், இன்வெர்ட்டரே போதுமானது.

சிறிய மின்னாக்கிகள் பெரும்பாலும் பெட்ரோலில் இயங்குவன. அவை எடை குறைந்தவை. ஆயினும், பெட்ரோல் எளிதில் ஆவியாகித் தீப்பற்றும். பல மாதங்கள் தேங்கினால் கெடும்.

நெடுநேரம் உழைக்கும் பெரிய மின்னாக்கிக்கு டீசல் ஏற்றது. ஒரு லிட்டர் டீசல் அதே அளவு பெட்ரோலைவிட மிகுந்த ஆற்றல் தரும்; அவ்வளவு எளிதில் தீப்பற்றாது. ஆனால், ஒலியும் புகையும் மிகுதி. ஆதலால், காற்று மாசு மிகும் குளிர்காலத்தில் தில்லியிலும் அதனைச் சூழ்ந்த நகரங்களிலும் டீசல் மின்னாக்கிகளுக்குக் கட்டுப்பாடு விதிக்கப்படுகிறது. மலைநாட்டுக் கடுங்குளிரில் டீசலிலுள்ள மெழுகு உறைந்து எந்திரத்தை இயங்கவிடாது.

குழாய்வழி வரும் இயற்கை எரிவாயுவைச் சேமித்துவைக்க வேண்டுவதில்லை; புகையும் குறைவு. எனினும், அதற்கென அமைந்த எந்திரம் தேவை. குழாயில் வாயு நின்றால் எந்திரமும் நிற்கும். உருளையில் வரும் சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தங்கித் தீவிபத்து விளைக்கும். வீட்டுச் சமையலுக்கு வழங்கும் உருளையை மின்னாக்கிக்குப் பயன்படுத்துதல் விதிக்குப் புறம்பானது.

இவற்றுள் எது எரிந்தாலும் கார்பன் மோனாக்சைடு வெளிப்படும். அதற்கு நிறமில்லை, மணமுமில்லை. அது குருதியிலுள்ள ஹீமோகுளோபினோடு பிணைந்து, உடலுக்கு ஆக்சிஜன் செல்லாமல் தடுக்கும். தலைவலியும் மயக்கமும் தோன்றும். உறங்குபவர் விழிக்காமலே உயிரிழக்கக்கூடும். சாளரத்தைத் திறந்துவைப்பது போதிய காப்பாகாது. ஆகவே, வீட்டினுள்ளும் பால்கனியிலும் படிக்கட்டின் அடியிலும் மின்னாக்கியை இயக்கக் கூடாது. கதவு, சாளரங்களுக்கு அப்பால் திறந்த வெளியிலேயே இயக்க வேண்டும். எந்திரம் சூடாக இருக்கும்போது எரிபொருள் ஊற்றலாகாது.

வீட்டிற்கு வெளியே இடமில்லாதவர்க்கு எந்த எரிபொருளும் ஏற்றதன்று. அவர்க்கு இன்வெர்ட்டரே நல்லது.

சொற்பொருள்
உருளை – சிலிண்டர்
சாளரம் – சன்னல்
குருதி – இரத்தம்
புறம்பானது – மாறானது

பிரித்து எழுதுக
மின்னாக்கி = மின் + ஆக்கி
கடுங்குளிர் = ______ + ______
நெடுநேரம் = ______ + ______

விடை தருக
1. பெட்ரோலை நெடுநாள் சேமித்துவைக்கலாகாது. ஏன்?
2. தில்லியில் குளிர்காலத்தில் டீசல் மின்னாக்கிகளுக்குக் கட்டுப்பாடு விதிக்கப்படுவதன் காரணம் யாது?
3. கார்பன் மோனாக்சைடு இருப்பதை நாம் ஏன் உணர முடிவதில்லை?

சிந்தித்து எழுதுக
மூன்றாம் மாடியில் வாழும் ஒரு குடும்பத்தினர் பால்கனியில் மின்னாக்கி வைக்க எண்ணுகின்றனர். அவர்களுக்கு நீ கூறும் அறிவுரையை ஐந்து தொடர்களில் எழுதுக.